ஜர்னிமேன் குவார்ட்டர்பேக் என்பவர் யார்? ஜோஷ் மெக்கவுனின் ஆட்ட வாழ்வும் பயிற்சி வாழ்வும்

அமெரிக்கக் கால்பந்தின் உச்ச லீக்கான என்.எஃப்.எல்.-இல் ஜோஷ் மெக்கவுன் 76 ஆட்டங்களைத் தொடக்க குவார்ட்டர்பேக்காக ஆடினார். அவற்றில் 23-இல் மட்டுமே அவருடைய அணி வென்றது. 2002-க்கும் 2020-க்கும் இடையில் 12 அணிகளின் பட்டியலில் அவர் பெயர் ஏறி இறங்கியது. அவற்றுள் மூன்று அணிகளுக்காக அவர் ஒரு லீக் ஆட்டம்கூட ஆடியதில்லை. வெற்றி தோல்விக் கணக்கை மட்டும் பார்த்தால் மறந்துவிடத்தக்க ஆட்டக்காரர் என்றுதான் தோன்றும். ஆனால் 41 வயதில் ஆட்டத்தை விட்ட உடனேயே ஓர் அணி அவரைத் தலைமைப் பயிற்சியாளர் பதவிக்கான நேர்காணலுக்கு அழைத்தது. பின்னர் அவர் அந்த லீக்கிலேயே குவார்ட்டர்பேக்குகளுக்குப் பயிற்சியளிக்கும் பொறுப்புக்கு வந்தார். இப்படி அணி அணியாக மாறி மாறி, பெரும்பாலும் மாற்று ஆட்டக்காரராகவே காலம் தள்ளுபவரை அங்கே ஜர்னிமேன் என்று அழைக்கிறார்கள். அவர் விற்பது எறியும் கையை அல்ல, அறிவை என்பதைப் புரிந்துகொண்டால், அவர் பயிற்சியாளராவதில் வியப்பு எதுவும் இருக்காது.

ஆட்டத்தின் அடிப்படையை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இது காலால் உதைத்து ஆடும் உலகக் கால்பந்து அல்ல. அணிக்கு 11 பேர். இரு முனையும் கூர்மையான நீள்வட்டப் பந்து. கோட்டுக்குக் கோடு 100 கெஜம் நீளமுள்ள மைதானம். பந்தை வைத்திருக்கும் அணிக்கு நான்கு முயற்சிகள் தரப்படும். அதற்குள் 10 கெஜம் முன்னேறினால் மீண்டும் நான்கு முயற்சிகள் கிடைக்கும், முன்னேறாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். எதிரணியின் எல்லைப் பகுதிக்குள் பந்தைக் கொண்டுசேர்ப்பது டச்டவுன், அதற்கு ஆறு புள்ளிகள். ஒவ்வொரு முயற்சியிலும் பந்து முதலில் குவார்ட்டர்பேக்கின் கைக்கு வருகிறது. அதை ஓடுபவரிடம் கொடுப்பதா, தொலைவில் ஓடிக்கொண்டிருக்கும் ரிசீவருக்கு எறிவதா, எறியாமல் தானே ஓடுவதா என்று அவர் இரண்டு மூன்று நொடிகளுக்குள் முடிவெடுக்க வேண்டும். தவறாக எறிந்து எதிரணி பிடித்துவிட்டால் அது இன்டர்செப்ஷன்.

அந்த இரண்டு மூன்று நொடிகளுக்கு முன்னால் நடப்பதுதான் நமக்கு முக்கியம். ஒரு முயற்சி முடிந்ததும் 40 நொடிக் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. மைதான ஓரத்திலிருந்து பயிற்சியாளர் அடுத்த ஆட்டத் திட்டத்தைச் சொல்வார்; அது குவார்ட்டர்பேக்கின் ஹெல்மெட்டுக்குள் இருக்கும் சிறிய ஒலிபெருக்கியில் கேட்கும். கடிகாரத்தில் 15 நொடி மிச்சமிருக்கும்போது அந்தத் தொடர்பு துண்டிக்கப்பட்டுவிடும். பத்துப் பன்னிரண்டு சொற்கள் கொண்ட ஒரு நீண்ட கட்டளையை அவர் ஒருமுறை கேட்டு, சக ஆட்டக்காரர்களுக்குப் பிசகாமல் திருப்பிச் சொல்லி, அவர்களை நிற்க வேண்டிய இடத்தில் நிறுத்தி, எதிரணித் தடுப்பாளர்கள் எப்படி நிற்கிறார்கள் என்பதைப் படித்து, தேவைப்பட்டால் முழுத் திட்டத்தையும் அந்த இடத்திலேயே மாற்றிக் கூவ வேண்டும். இந்தக் காரணத்தால்தான் வேறெந்த ஆட்டக்காரரைக் காட்டிலும் குவார்ட்டர்பேக்குக்குப் பாடம் அதிகம்.

இந்த இடத்தில் ஆடுபவர் ஒருவர்தான். பந்துவீச்சாளர்களைப் போல முறை வைத்து மாற்றிக்கொள்ள முடியாது. டெஸ்ட் தொடருக்குச் செல்லும் இரண்டாவது விக்கெட் கீப்பரின் நிலைதான் மாற்று குவார்ட்டர்பேக்கின் நிலையும்: முதலாமவருக்கு அடிபட்டாலோ ஆட்டம் சரிந்தாலோ ஒழிய வாய்ப்பே வராது, ஆனால் வந்தால் அடுத்த நிமிடமே களத்தில் இருக்க வேண்டும். அணிகளோ சம்பள உச்சவரம்புக்குக் கட்டுப்பட்டவை. 53 பேர் கொண்ட பட்டியலில் முதன்மை குவார்ட்டர்பேக்குக்குப் பெருந்தொகை போனபின் மாற்றாளருக்குச் சிறுதொகையே மிஞ்சும். ஆகவே அவருடைய ஒப்பந்தம் பெரும்பாலும் ஓராண்டு, மிஞ்சினால் ஈராண்டு. பயிற்சியாளர் மாறினால், புது இளைஞர் தேர்வானால், அவர் பெட்டி கட்ட வேண்டியதுதான்.

ஆடாத வாரத்தில் இவர் என்னதான் செய்கிறார்? பயிற்சியில் முதல் அணியோடு ஆடும் வாய்ப்பு ஏறக்குறைய முழுவதும் முதன்மை ஆட்டக்காரருக்கே போய்விடுகிறது. மாற்றாளரின் வேலை, அடுத்த ஞாயிற்றுக்கிழமை எதிர்த்து ஆடப்போகும் அணியின் குவார்ட்டர்பேக்காக நடித்து, தன் அணியின் தடுப்பாளர்களுக்குப் பழக்கம் கொடுப்பது. அதாவது ஒவ்வொரு வாரமும் வேறோர் அணியின் தாக்குதல் முறையைக் கற்றுக்கொண்டு நகலெடுக்கிறார். அதோடு தன் அணியின் திட்டத்தை ஆடிப் பார்க்காமலே, கூட்ட அறையில் உட்கார்ந்து காணொளி பார்த்தே மனத்தில் ஏற்றிக்கொள்கிறார். ஆட்ட நாளில் காதில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு ஒவ்வொரு கட்டளையையும் கேட்கிறார். முதன்மை ஆட்டக்காரர் வெளியே வந்ததும் பலகைக் கணினியில் உள்ள படங்களைக் காட்டி, எந்தத் தடுப்பாளர் எங்கே ஏமாற்றினார் என்று விளக்குகிறார். இதற்குப் பெயர்தான் ஆட்டக்காரர், உண்மையில் இது உதவிப் பயிற்சியாளரின் வேலை என்றே நான் சொல்வேன்.

இனி மெக்கவுன். டெக்சாஸ் மாநிலத்தின் ஜாக்சன்வில் ஊரில் 1979-இல் பிறந்தவர். பெரிய கல்லூரி அணி ஒன்றிலிருந்து சாம் ஹூஸ்டன் ஸ்டேட் என்ற சிறிய கல்லூரிக்கு மாறி அங்கே கடைசி ஆண்டை ஆடினார். 2002 டிராஃப்டில் அரிசோனா கார்டினல்ஸ் அணி மூன்றாவது சுற்றில், 81-ஆவது தேர்வாக அவரை எடுத்தது. டிராஃப்ட் என்பது கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் முறை வைத்துத் தேர்ந்தெடுக்கும் ஆண்டு நிகழ்வு. முந்தைய பருவத்தில் கடைசியாக வந்த அணிக்கு முதல் தேர்வு.

அவரை நாடறியச் செய்த ஆட்டம் 2003 டிசம்பர் 28 அன்று நடந்தது. கார்டினல்ஸ் அதுவரை மூன்றே வெற்றி பெற்றிருந்த அணி. எதிரணியான மினசோட்டா வைக்கிங்ஸ் வென்றால் பிளே-ஆஃப் சுற்றுக்குள் நுழைந்துவிடும், தோற்றால் அந்த இடம் கிரீன் பே பேக்கர்ஸுக்கு. கடைசி இரண்டு நிமிடங்களை நெருங்கும்போது வைக்கிங்ஸ் 17-6 என்று முன்னிலையில் இருந்தது. கார்டினல்ஸ் ஒரு டச்டவுன் போட்டு, உடனே எதிரணிக்கு உதைத்துக் கொடுக்க வேண்டிய பந்தையும் தானே மீட்டுக்கொண்டது. முடிவில் நான்கே நொடிகள் எஞ்சியிருக்க, நான்காவது முயற்சி, இன்னும் 25 கெஜம் தேவை, எல்லைக்கு 28 கெஜம். மெக்கவுன் பந்தை வாங்கி வலப்பக்கமாக ஓடிக்கொண்டே, துரத்தியவர்களுக்கு முன்னால் கால் ஊன்ற நேரமில்லாமல், எல்லைப் பகுதியின் வலது மூலையை நோக்கி உயர எறிந்தார். நேட் பூல் இருவருக்கு நடுவில் எம்பிப் பிடித்தார். இரண்டாவது கால் தரையில் படும் முன் தடுப்பாளர்கள் அவரை வெளியே தள்ளிவிட்டார்கள். தள்ளப்பட்டிராவிட்டால் உள்ளேதான் இறங்கியிருப்பார் என்று நடுவர் கருதினால் பிடித்தது செல்லும் என்ற விதி அன்று இருந்தது, பின்னர் 2008-இல் அது நீக்கப்பட்டது. ஆட்டம் 18-17 என்று முடிந்தது. வைக்கிங்ஸ் வெளியே, பேக்கர்ஸ் உள்ளே. வேடிக்கை என்னவென்றால், இந்த வெற்றியால் கார்டினல்ஸ் அடுத்த டிராஃப்டின் முதல் தேர்வை இழந்தது. மூன்றாவது இடத்துக்கு இறங்கி அவர்கள் எடுத்த ரிசீவர் லாரி ஃபிட்ஜெரால்டு, அந்த அணியின் வரலாற்றிலேயே மிகச் சிறந்தவர்களுள் ஒருவரானார்.

2005 அக்டோபரில் மெக்சிகோ சிட்டியின் அஸ்டெகா அரங்கத்தில், 1,03,467 பேர் முன்னிலையில், அமெரிக்காவுக்கு வெளியே நடந்த முதல் என்.எஃப்.எல். லீக் ஆட்டத்தை மெக்கவுன்தான் வென்று கொடுத்தார். அதன்பின் அலைச்சல் தொடங்கிற்று. 2006-இல் டெட்ராய்ட் லயன்ஸ். அங்கே ஆள் பற்றாக்குறையில் ரிசீவராகவும் நிறுத்தப்பட்டார். 2007-இல் ஓக்லண்ட் ரைடர்ஸ், அடுத்து மயாமியில் சில மாதங்கள், பிறகு கரோலினா. 2010-இல் லீக்கில் இடமில்லாமல், யுனைடெட் ஃபுட்பால் லீக் என்ற சிறிய போட்டித் தொடரில் ஹார்ட்ஃபோர்டு கொலோனியல்ஸ் அணிக்கு ஆடினார். 2011-இல் சான் ஃபிரான்சிஸ்கோ அணி பருவம் தொடங்கும் முன்பே அவரை விடுவித்தது. அவர் வட கரோலினாவில் ஓர் உயர்நிலைப் பள்ளி அணிக்குப் பயிற்சியளித்துக்கொண்டிருந்தபோதுதான், அந்த ஆண்டு நவம்பரில், முதன்மை குவார்ட்டர்பேக் ஜே கட்லரின் கட்டைவிரல் முறிந்ததால் சிகாகோ பேர்ஸ் அவரை அழைத்தது. 32 வயதில் பள்ளிப் பையன்களுக்குக் கற்றுக்கொடுக்கும் நிலையிலிருந்து திரும்பவும் தொழில்முறை ஆட்டத்துக்குள் வந்தார்.

2013-இல் கட்லருக்கு மறுபடியும் காயம். தலைமைப் பயிற்சியாளர் மார்க் டிரெஸ்ட்மனின் முறை மெக்கவுனுக்குக் கையுறைபோலப் பொருந்திற்று. பிராண்டன் மார்ஷல், அல்ஷான் ஜெஃப்ரி என்ற இரண்டு நெடிய ரிசீவர்கள் எந்த உயரத்தில் எறிந்தாலும் பிடித்தார்கள். அந்தப் பருவத்தில் அவர் எறிந்தது 13 டச்டவுன்கள், ஒரே ஒரு இன்டர்செப்ஷன். டல்லஸ் கவ்பாய்ஸுக்கு எதிரான 45-28 வெற்றியில் மட்டும் நான்கு டச்டவுன்கள் எறிந்து, ஒன்றைத் தானே ஓடிப் போட்டார். இதை நம்பி டாம்பா பே பக்கனியர்ஸ் அணி 2014-இல் அவருக்கு முதன்மை இடத்தையே கொடுத்தது. 11 ஆட்டங்களில் ஒரே வெற்றி. ஆள் அதே ஆள்தான். சுற்றியிருந்த முறையும் குவார்ட்டர்பேக்கைக் காக்கும் முன்வரிசையும் ரிசீவர்களும் மாறியதும் பலன் தலைகீழானது. ஜர்னிமேனைப் பற்றிப் பேசும்போது பலரும் திறமைக் குறைவு என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். இந்த இரண்டு பருவங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பவர் அவ்வளவு எளிதாகச் சொல்லமாட்டார்.

அணி மாறுவது என்றால் ஊர் மாறுவது மட்டுமல்ல. ஒவ்வொரு அணிக்கும் தனித்த பிளேபுக் உண்டு. அதில் நூற்றுக்கணக்கான திட்டங்கள் இருக்கும். சில முறைகளில் ரிசீவர்கள் ஓட வேண்டிய பாதைகளுக்கு பூஜ்யம் முதல் ஒன்பது வரை எண்கள் கொடுத்திருப்பார்கள். கட்டளையில் மூன்று எண்கள் வரிசையாக வந்தால் மூன்று ரிசீவர்களின் பாதையும் தெரிந்துவிடும். வெஸ்ட் கோஸ்ட் என்று அழைக்கப்படும் முறையிலோ ஒவ்வொரு பாதைச் சேர்க்கைக்கும் ஒரு பெயர் உண்டு. மைதானத்தில் நடப்பது ஒன்றேயானாலும் இரண்டு அணிகளில் அதற்கு இரண்டு பெயர். புதிதாக வருபவர் பழையதை மறக்காமல், புதியதைப் பழையதோடு பொருத்தி, சில வாரங்களில் தடையின்றிச் சொல்லப் பழக வேண்டும். பத்து அணிகளில் இதைச் செய்தவருக்கு எந்த முறையில் எது பொது, எது வெறும் பெயர் வேறுபாடு, எதைக் கற்பதில் இளைஞர்கள் தடுக்கி விழுகிறார்கள் என்பதெல்லாம் தானாகவே விளங்கிவிடும். ஒரே அணியில் 15 ஆண்டுகள் ஆடிய நட்சத்திரத்துக்கு அமையாத கல்வி இது.

இந்தக் கல்விக்காகவே சம்பளம் தரும் ஏற்பாடும் ஒன்று உண்டு. டிராஃப்டில் உயர்ந்த இடத்தில் ஓர் இளைஞரை எடுக்கும் அணி, அவர் தயாராகும்வரை களத்தையும் கூட்ட அறையையும் பார்த்துக்கொள்ள அனுபவசாலி ஒருவரைக் கொண்டுவரும். 2017-இல் நியூயார்க் ஜெட்ஸுக்காக 13 ஆட்டங்களைத் தொடங்கி, 18 டச்டவுன்கள் எறிந்து, கை முறிந்து வெளியேறிய மெக்கவுனை அந்த அணி 2018-இல் ஓராண்டுக்கு ஒரு கோடி டாலர் கொடுத்துத் தக்கவைத்தது. அதே ஆண்டு டிராஃப்டின் மூன்றாவது தேர்வாக 21 வயது சாம் டார்னால்டு வந்தார், முதல் வாரத்திலேயே முதன்மை இடத்தில் ஆடினார். அந்தப் பருவத்தில் மெக்கவுன் தொடங்கியது மூன்று ஆட்டங்கள் மட்டுமே. அந்த ஒரு கோடி டாலரில் பெரும்பகுதி, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கற்றுக்கொடுத்ததற்கான கூலி.

2019 ஜூனில் ஓய்வு அறிவித்துத் தொலைக்காட்சி விமர்சகரானவரை, ஆகஸ்டிலேயே ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் திருப்பி அழைத்தது. அழைத்த பயிற்சியாளர் டக் பீடர்சன். 2020 ஜனவரி 5 அன்று சியாட்டில் சீஹாக்ஸுக்கு எதிரான பிளே-ஆஃபில் முதன்மை குவார்ட்டர்பேக் கார்சன் வென்ட்ஸ் தலையில் அடிபட்டு முதல் கால்பகுதியிலேயே வெளியேற, 40 வயது மெக்கவுன் தன் வாழ்வின் முதல் பிளே-ஆஃப் ஆட்டத்துக்குள் இறங்கினார். இரண்டாம் கால்பகுதியில் தொடையின் பின்தசை எலும்பிலிருந்தே பிய்ந்துகொண்டது. அதோடு ஆட்டம் முடியும்வரை ஆடினார்: 24 எறிதல்களில் 18 சரியாகச் சேர்ந்தன, ஆறு முறை பந்தோடு வீழ்த்தப்பட்டார், டச்டவுன் எதுவும் வரவில்லை, ஆட்டம் 17-9 என்று தோல்வி. அடுத்த பருவத்தில், கொரோனா காலத்தில், அதே அணி அவரைத் தேவைப்பட்டால் ஆடக் காத்திருக்கும் கூடுதல் ஆட்டக்காரர் பட்டியலில் சேர்த்து, டெக்சாஸில் அவருடைய வீட்டிலேயே இருக்கச் சொல்லி, வாரம் 12,000 டாலர் கொடுத்தது. கூட்ட அறையில் இருக்கும் எல்லோருக்கும் தொற்று வந்துவிட்டால் தொடாத ஒருவர் வேண்டுமே! இது வீண் எச்சரிக்கை அல்ல. அந்த நவம்பரில் டென்வர் பிராங்கோஸின் குவார்ட்டர்பேக்குகள் அனைவரும் தனிமைப்படுத்தப்பட, ரிசீவரான கெண்டல் ஹின்டன் எறிந்த ஒன்பதில் ஒன்றுதான் சேர்ந்தது. அணி 31-3 என்று தோற்றது.

பீடர்சனைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும், ஏனெனில் மெக்கவுனுக்கு முன்னால் அதே வழியில் நடந்தவர் அவர். 1991 டிராஃப்டில் எவராலும் எடுக்கப்படாதவர். கிரீன் பேயில் பிரெட் ஃபாவ்ருக்கு மாற்றாளராக ஆண்டுகள் கழித்தார். 1999-இல் ஆண்டி ரீட் ஈகிள்ஸ் பயிற்சியாளரானபோது, தன் முறை தெரிந்தவர் என்பதற்காக அவரைக் கூட்டிவந்து, புதுமுகம் டோனவன் மெக்னாப் தயாராகும்வரை ஒன்பது ஆட்டங்களை ஆடவைத்தார்; அவற்றில் ஏழு தோல்வி. ஆட்டம் ஓய்ந்தபின் லூயிசியானா மாநிலத்தின் ஷ்ரீவ்போர்ட்டில் ஒரு பள்ளி அணிக்கு நான்கு பருவங்கள் பயிற்சியளித்தார். 2009-இல் ரீட் மறுபடியும் அழைத்து மிகக் கீழ்நிலைப் பயிற்சிப் பணி ஒன்றைக் கொடுத்தார். 2016-இல் ஈகிள்ஸின் தலைமைப் பயிற்சியாளர். 2017 டிசம்பரில் வென்ட்ஸின் முழங்கால் போனபோது மாற்றாளர் நிக் ஃபோல்ஸைக் கொண்டு 2018 பிப்ரவரியில் லீக்கின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலை 41-33 என்று வென்றார். ஃபோல்ஸ் 2012-இல் புதுமுகமாக வந்தபோது அவருக்குக் குவார்ட்டர்பேக் பயிற்சியாளராக இருந்ததும் பீடர்சனே. அந்தச் சூப்பர் பவுலில் தாக்குதல் ஒருங்கிணைப்பாளராக இருந்தவர் ஃபிராங்க் ரைக். 1993 ஜனவரியில் பஃபலோ பில்ஸின் மாற்றாளராக இறங்கி, 35-3 என்று பின்தங்கியிருந்த பிளே-ஆஃபை 41-38 என்று வென்று காட்டியவர். தலைமையிலிருந்து களம்வரை மூவரும் மாற்றாளர்கள். டென்வரில் ஜான் எல்வேக்கு ஒன்பது ஆண்டுகள் மாற்றாக இருந்த கேரி கூபியாக்கும் பிற்பாடு பிராங்கோஸைப் பயிற்றுவித்து 50-ஆவது சூப்பர் பவுலை வென்றார்.

இதை விதியாக்கிவிடக் கூடாது. புகழ்பெற்ற பயிற்சியாளர்களான பில் பெலிசிக்கும் ஆண்டி ரீடும் என்.எஃப்.எல்.-இல் ஆடியவர்களே அல்லர். ஒன்பது அணிகளுக்காகத் தொடக்க ஆட்டக்காரராக இறங்கிய ரையன் ஃபிட்ஸ்பாட்ரிக் பயிற்சிப் பக்கம் போகாமல் தொலைக்காட்சிக்குப் போய்விட்டார். அனுபவம் மட்டும் பதவிக்குப் போதுமா என்பதும் கேள்விதான். 2021-இலும் 2022-இலும் ஹூஸ்டன் டெக்சன்ஸ் அணி மெக்கவுனைத் தலைமைப் பயிற்சியாளர் பதவிக்குப் பரிசீலித்தபோது, லீக்கில் ஒரு நாள்கூட முறையாகப் பயிற்சியளிக்காத வெள்ளையருக்குக் கிடைக்கும் வாய்ப்பு, பல ஆண்டு உழைத்த கறுப்பினப் பயிற்சியாளர்களுக்கு ஏன் கிடைக்கவில்லை என்ற கண்டனம் எழுந்தது. கண்டனத்தில் நியாயம் இருந்தது என்றே நினைக்கிறேன். மாற்றாளர் இடத்தில் இருந்து கற்பது ஆட்டத்தையும் ஆட்டக்காரரையும்தான். 53 பேரையும் இருபதுக்கும் மேற்பட்ட பயிற்சியாளர்களையும் நடத்துவது வேறொரு வேலை. பதவி இரண்டு முறையும் அவருக்குக் கிடைக்கவில்லை. அதே டெக்சன்ஸ் பதவிக்கு 2022-இல் இறுதிச் சுற்றுவரை வந்து, பணியமர்த்தலில் இனப்பாகுபாடு என்று லீக்கின்மீது வழக்குத் தொடுத்த பிரையன் ஃபுளோரஸும் மெக்கவுனும் பின்னாளில் மினசோட்டாவில் ஒரே பயிற்சிக் குழுவில் சேர்ந்தது தனிக்கதை.

முறையான பயிற்சிப் பணி 2023-இல், கரோலினா பேந்தர்ஸின் குவார்ட்டர்பேக் பயிற்சியாளராகத் தொடங்கியது. தலைமைப் பயிற்சியாளர் ரைக். டிராஃப்டின் முதல் தேர்வான பிரைஸ் யங்தான் மாணவர். முதல் 11 ஆட்டங்களில் ஒரே வெற்றி. நவம்பர் இறுதியில் ரைக்கோடு மெக்கவுனையும் நீக்கினார்கள். மாற்றாளர் அனுபவம் இரண்டு தலைமுறையாகக் கூடியிருந்தும் மோசமான அணியைத் தூக்கி நிறுத்த அது போதவில்லை.

2024-இல் மினசோட்டா வைக்கிங்ஸ் அவரை அதே பொறுப்புக்கு எடுத்தது; 2003-இல் அவர் பிளே-ஆஃபிலிருந்து வெளியேற்றிய அதே வைக்கிங்ஸ். அங்கே தலைமைப் பயிற்சியாளர் கெவின் ஓ'கானல், தன் முழு என்.எஃப்.எல். வாழ்விலும் ஆறே பாஸ்கள் எறிந்த மாற்றாளர். முதன்மை ஆட்டக்காரராக வந்தவர், ஜெட்ஸில் தடுமாறி, கரோலினாவில் தடுமாறி, சான் ஃபிரான்சிஸ்கோவில் ஓராண்டு மாற்றாளராக இருந்துவிட்டு வந்த சாம் டார்னால்டு. டிராஃப்டில் பத்தாவதாக எடுத்த ஜே.ஜே. மெக்கார்த்தி தயாராகும்வரை ஓராண்டுக்கு என்றுதான் அவரை எடுத்திருந்தார்கள். ஆறு ஆண்டுகளுக்கு முன் ஜெட்ஸில் மெக்கவுன் இருந்த நாற்காலி இப்போது அவருக்கு. ஆகஸ்டில் மெக்கார்த்தியின் முழங்காலில் காயம் ஏற்பட, பருவம் முழுவதும் டார்னால்டு கையில் வந்தது. 17 ஆட்டங்களில் 14 வெற்றி, 35 டச்டவுன்கள், 4,319 கெஜம். பிளே-ஆஃபின் முதல் ஆட்டத்திலேயே அணி தோற்றது. 2025 மார்ச்சில் டார்னால்டு மூன்றாண்டு ஒப்பந்தத்தில் சியாட்டிலுக்குப் போனார். மெக்கவுன் மினசோட்டாவிலேயே இருந்து, அடுத்த பருவத்தை மெக்கார்த்தியோடு தொடங்கினார்.